ப்ரோக்ரெஸிவ் ப்ரெஸ்ல துல்லியமான ரைஃபிள் தோட்டா: ஆட்டம் எங்க இருக்கு, அதை எப்படி அடக்குறது

ரீலோடிங்ல, அதாவது சுட்ட காலி கேஸை (தோட்டாவோட பித்தளைக் கூடு) திரும்ப நிரப்பித் தோட்டா செய்யுறதுல, பழம் தின்னு கொட்டை போட்ட ஆளுங்ககிட்ட போய் போட்டிக்கான தோட்டாவ ப்ரோக்ரெஸிவ் ப்ரெஸ்ல (ஒரே அடியில பல வேலை செய்யுற மெஷின்) தான் போடுறேன்னு சொல்லிப் பாருங்க, பாதி பேர் பரிதாபமா பாப்பாங்க, மீதி பேர் பிஸ்டலுக்கு சரி ரைஃபிளுக்கு எதுக்கு இந்த வேலைன்னு கேப்பாங்க. அவங்க கணக்குல துல்லியம்னா சிங்கிள் ஸ்டேஜ் (ஒரு அடிக்கு ஒரே வேலை செய்யுற ப்ரெஸ்), வேகம்னா ப்ரோக்ரெஸிவ், ரெண்டும் ஒண்ணா வராது. வரும். ஆனா பெட்டியில இருந்து எடுத்து பெஞ்சுல மாட்டி ஹேண்டிலை அடிக்க ஆரம்பிச்சா வராது, அந்த மெஷின்ல ஆட்டம் எங்க இருக்குன்னு முதல்ல கண்டுபிடிக்கணும், இந்தப் பதிவு முழுக்க அதைப் பத்தித்தான்.

நான் இருக்குறது அரிசோனா, ஃபீனிக்ஸ். சுடுறது சர்வீஸ் ரைஃபிள், அதாவது ஏஆர்-15, .223 ரெமிங்டன். ஹை பவர்னு சொல்ற இந்தப் போட்டியில முழு கோர்ஸ் ஒண்ணுக்கு 80 தோட்டா கணக்கு: 200 கஜத்துல நின்னுக்கிட்டு 20, அங்கேயே உக்காந்து வேகமா 20, 300 கஜத்துல படுத்து வேகமா 20, 600 கஜத்துல படுத்து நிதானமா 20. இது போட்டிக்கு மட்டும், ப்ராக்டிஸ் தனி. பெஞ்ச்ரெஸ்ட், அதாவது மேசை மேல துப்பாக்கியைத் தாங்க வெச்சு சுடுறவன் மாதிரி ஒவ்வொரு தோட்டாவையும் மடியில வெச்சு கொஞ்சிக்கிட்டு இருந்தா ஹை பவர்காரனுக்கு சுடவே நேரம் இருக்காது, வேலை, வீடு, பசங்க, எல்லாத்துக்கும் நடுவுல தான் இதுவும்.

இதைச் சொன்னதும் ஊர்ல இருக்குற ஃப்ரெண்ட்ஸ் முதல்ல கேக்குறது ஒண்ணுதான், "டேய், இதெல்லாம் வீட்ல வெச்சுப் பண்ணலாமா, போலீஸ் பிடிக்காதா?" அமெரிக்காவுல சொந்த உபயோகத்துக்கு ரீலோட் பண்ண ஃபெடரல் லைசென்ஸ் எதுவும் வேணாம், வியாபாரமா செஞ்சு வித்தா தான் டைப் 06 லைசென்ஸ் வேணும். ஆனா நம்ம ஆளுங்க கவனிக்க வேண்டிய விஷயம், ஹெச்-1பி மாதிரி விசாவுல இருக்குறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ கையில வெச்சிருக்குறதே ஃபெடரல் சட்டப்படி பொதுவா குற்றம், வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு இருக்கு, அதை நம்பி இறங்குறதுக்கு முன்னாடி வக்கீலைக் கேளுங்க. கிரீன் கார்டு வந்தாச்சுன்னா அந்தத் தடை இல்ல. இந்தியாவுல கதையே வேற, 1959ஆம் வருஷ ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்குறது குற்றம், அதனால இதைப் படிச்சுட்டு ஊர்ல யாரும் ட்ரை பண்ணாதீங்க.

சரி, மெஷினுக்கு வருவோம்.

சிங்கிள் ஸ்டேஜ்ல ஒரு டை (கேஸ் மேல வேலை செய்யுற அச்சு), ஒரு கேஸ், ஒரு வேலை. ப்ரோக்ரெஸிவ்ல கீழ ஒரு வட்டத் தட்டு, ஷெல் ப்ளேட், அதுல வரிசையா கேஸ் உக்காந்திருக்கும், மேல டூல் ஹெட்ல வரிசையா டை. ஹேண்டிலை இழுத்தா தட்டு மேல போயி எல்லா வேலையும் ஒரே அடியில நடக்கும், தட்டு ஒரு ஸ்டேஷன் நகரும், அடுத்த அடி. என்கிட்ட இருக்குறது தில்லான் எக்ஸ்எல் 750, அஞ்சு ஸ்டேஷன், தட்டு தானா சுத்தும். இதுக்கு முன்னாடி இருந்த 650 மாடலை நிறுத்திட்டு 2019ல இதைக் கொண்டு வந்தாங்க, பெரிய மாற்றம் ப்ரைமர் (கேஸ் அடியில இருந்து மருந்தைப் பத்த வெக்குற சின்னக் கிண்ணம்) ஊட்டுற சிஸ்டம் தான், 650ல சுத்துற டிஸ்க், இதுல முன்னும் பின்னும் போற பட்டை. 550 வாங்குனா நாலு ஸ்டேஷன், தட்டை நாமளே கையால சுத்தணும், ரைஃபிளுக்கு அதுதான் பெஸ்ட்னு சத்தியம் பண்றவங்க நிறைய, அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

இந்தக் கம்பெனியை ஆரம்பிச்ச மைக் தில்லான் டிடபிள்யூஏ விமானக் கம்பெனியில பைலட்டா இருந்தவர், மெஷின் கன் பைத்தியம். மெஷின் கன்னுக்கு தீனி போட்டு மாளாதுன்னு தான் பழைய ஸ்டார் ப்ரெஸ்ஸை ரைஃபிள் தோட்டாவுக்கு மாத்தி அமைக்க ஆரம்பிச்சார், அதுல இருந்து வளர்ந்ததுதான் ஸ்காட்ஸ்டேல் கம்பெனி, என் வீட்டுல இருந்து கார்ல போற தூரம். ஆக இந்த மெஷினோட பிறவி நோக்கமே எண்ணிக்கை, ஒரே ஓட்டைக்குள்ள அஞ்சு குண்டு போடணும்னு யாரும் இதை டிசைன் பண்ணல. அது தெரிஞ்சுட்டா எங்க கை வைக்கணும்னும் புரிஞ்சுரும்.

ஆட்டம் ரெண்டு இடத்துல. ஒண்ணு டூல் ஹெட். ஃப்ரேம்ல இருக்குற காடிக்குள்ள சறுக்கி உள்ள போயி, ரெண்டு பின் போட்டு நிக்குற சமாச்சாரம் அது, கழட்டி மாட்ட வசதியா இருக்கணும்னா கொஞ்சம் இடைவெளி இருந்தே ஆகணும். கோயமுத்தூர் லேத் பட்டறைப் பக்கம் வளந்தவனுக்கு இதைப் பாத்ததும் கை டயல் இண்டிகேட்டரைத் தான் தேடும். மேக்னட் பேஸை ஃப்ரேம்ல நிறுத்தி, டயலோட முனையை டூல் ஹெட் மேல தொட வெச்சு, காலியா ஹேண்டிலை இழுங்க, முள்ளு அசையாது. இப்போ லூப் (வழுக்க விடுற எண்ணெய்) போட்ட ஒரு கேஸை சைஸிங் டைக்குள்ள, அதாவது சுட்டு விரிஞ்ச கேஸைப் பழைய அளவுக்கு நசுக்குற டைக்குள்ள ஏத்துங்க, கேஸ் டைக்குள்ள இறுகும்போது முள்ளு சட்டுன்னு சில தௌ மேல ஏறி நிக்கும், ஹேண்டிலை விட்டா திரும்ப இறங்கும். ஒரு தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு. நாம இந்தத் தோட்டாவுல அடக்க நினைக்கிற வித்தியாசமே ரெண்டு மூணு தௌ தான், டூல் ஹெட் தனியா அவ்வளவு ஆடுதுன்னா அப்புறம் மைக்ரோமீட்டர் டை வாங்கி என்ன பிரயோஜனம்?

ரெண்டாவது ஷெல் ப்ளேட். ராம், அதாவது தட்டை மேல தூக்குற தண்டு, நடுவுல, ஸ்டேஷன் எல்லாம் ஓரத்துல. ஒரே ஒரு ஓரத்துல பளு விழுந்தா தட்டு அந்தப் பக்கம் சாயும், கண்ணுக்குத் தெரியாது, ஆனா டைக்குத் தெரியும். அதனால ஒரு கேஸை மட்டும் வெச்சு டையை செட் பண்ணிட்டு, அப்புறம் எல்லா ஸ்டேஷனையும் நிரப்பி ஓட்டுனா அளவு மாறும். இதைத்தான் நிறைய பேர் "ப்ரோக்ரெஸிவ்ல கன்ஸிஸ்டென்ஸி கிடையாது"ன்னு திட்டுறாங்க. கன்ஸிஸ்டென்ஸி இருக்கு, நீங்க செட் பண்ணும்போது இருந்த பளுவும் ஓட்டும்போது இருக்குற பளுவும் ஒண்ணா இல்ல, அவ்வளவுதான்.

இதுக்கு கடையில விக்குற வைத்தியம் உண்டு, டூல் ஹெட்டை இறுக்கிப் பிடிக்க க்ளாம்ப், இல்லேன்னா டையை வேணும்னே லேசா மிதக்க விடுற டூல் ஹெட், ஜார்ஜியாவுல இருக்குற விட்டன் கன்வொர்க்ஸ் போடுறது மாதிரி. ஒண்ணு ஆட்டத்தைக் கொல்லுது, இன்னொண்ணு ஆட விட்டு கேஸே தன் நடுவைத் தேடிக்கட்டும்னு விடுது. எதிரெதிர் யோசனை, ரெண்டுமே வேலை செய்யுது, ஏன்னா ரெண்டுலயும் ஒவ்வொரு அடியும் முந்தின அடி மாதிரியே இருக்கு. என் அபிப்ராயம், முதல்ல காசு செலவில்லாத வழியைப் பாருங்க, அதாவது வேலையை ரெண்டு ஓட்டமா பிரிக்குறது.

ஏன் பிரிக்கணும்? மேல முள்ளு ஏறுச்சே, அதுக்குக் காரணம் சைஸிங் டை. பளு எல்லாம் அங்கதான், அதுவும் கேஸுக்குக் கேஸ் மாறும், ஒண்ணுல லூப் கொஞ்சம் கம்மி, இன்னொண்ணு நாலு தடவை சுட்டு இறுகிப் போன பிராஸ். அந்த அடியிலேயே நாலாவது ஸ்டேஷன்ல குண்டு உக்காருதுன்னா, முதல் ஸ்டேஷன்ல இருக்குற கேஸோட முரட்டுத்தனம் நாலாவதுல இருக்குற குண்டோட ஆழத்தை மாத்தும். யாரோ செஞ்ச தப்புக்கு யாரோ அனுபவிக்கிற கதை. சைஸிங்கை தனி ஓட்டமா தள்ளிட்டா இது போச்சு, அதோட லூப்பைக் கழுவுறதுக்கும் நடுவுல இடம் கிடைக்குது.

முதல் ஓட்டம் பிராஸுக்கு மட்டும். லூப்புக்கு லேனோலினையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலையும் கலந்து ஸ்ப்ரே, பெரிய ஜிப் பையில கேஸைக் கொட்டி அடிச்சு உருட்டி, ஆல்கஹால் பறக்குற வரைக்கும் காத்திருக்கணும், ஃபீனிக்ஸ் வெயில்ல அதுக்கு ரொம்ப நேரம் ஆகாது. கார்பைட் டை இருந்தா லூப் வேணாம்ங்குறது நேரா இருக்குற பிஸ்டல் கேஸுக்கு, கழுத்து வெச்ச ரைஃபிள் கேஸுக்கு கார்பைடா இருந்தாலும் லூப் வேணும், இல்லேன்னா கேஸ் டைக்குள்ள மாட்டிக்கிட்டு அடிப்பாகம் பிய்ஞ்சு வரும். ஜாஸ்தியானாலும் வம்பு, கேஸோட தோள்ல, அதாவது கழுத்துக்குக் கீழ சரிஞ்சு விரியுற இடத்துல, எண்ணெய் தேங்கி பள்ளம் விழும்.

சைஸிங்ல பாக்க வேண்டிய ஒரே நம்பர், தோளை எவ்வளவு பின்னாடி தள்ளுறோம்ங்குறது. உங்க துப்பாக்கியில சுட்ட கேஸை கம்பேரேட்டர் (ஒரு குறிப்பிட்ட விட்டத்துல தொட்டு அளக்க உதவுற துணைக்கருவி) மாட்டின காலிப்பர்ல அளந்துக்கோங்க. போல்ட் ரைஃபிளுக்கு அதுல இருந்து 2 தௌ குறைச்சா போதும், ஏஆர் மாதிரி வாயு அழுத்தத்துல தானா அடுத்த தோட்டாவ ஏத்துற துப்பாக்கிக்கு 3 இல்ல 4. இதை செட் பண்ணும்போது தட்டு நிறைய கேஸ் இருக்கட்டும், டை லாக் ரிங்கை இறுக்கும்போது ராம் மேல, கேஸ் டைக்குள்ள, அந்த நிலையில இறுக்குங்க, அப்பத்தான் டை கேஸோட நேர்ல நிக்கும். ரிங்கை இறுக்கும்போதே டை லேசா திரும்பிடும், அதனால இறுக்குனப்புறம் திரும்ப அளங்க. சலிப்பா இருக்கும், பொறுத்துக்கோங்க.

அப்புறம் ட்ரிம். .223 கேஸுக்கு அதிகபட்ச நீளம் 1.760 அங்குலம், 1.750க்கு வெட்டுறது வழக்கம். டூல் ஹெட் மேலயே மோட்டார் ட்ரிம்மர் மாட்டினா இதே ஓட்டத்துல முடிஞ்சுரும், சத்தம் மட்டும் ஆகாது, ஷாப் வேக்யூமும் சேர்ந்து ஓடுறப்போ வீட்ல யாரும் பக்கத்துல வர மாட்டாங்க. லேக் சிட்டி பிராஸ் வாங்குனா, அதாவது மிசூரியில இருக்குற ராணுவத் தொழிற்சாலை பிராஸ், ப்ரைமர் பாக்கெட் விளிம்பை நசுக்கி விட்டிருப்பான், அதை ஒரு தடவை ஸ்வேஜ் பண்ணி, அதாவது அழுத்தி விரிச்சுத்தான் ஆகணும், இல்லேன்னா புது ப்ரைமர் உள்ள போகாம நசுங்கும். எல்லாம் முடிஞ்சு டம்ப்ளர்ல (கேஸை உருட்டிச் சுத்தம் பண்ற மெஷின்) போட்டு லூப்பை எடுத்துருங்க. டம்ப்ளர் தூசியில சுட்ட ப்ரைமரோட ஈயம் இருக்கும், அதை வீட்டுக்குள்ள ஓட்டாதீங்க, குழந்தைங்க இருக்குற வீடுன்னா தண்ணியில உருட்டுற வெட் டம்ப்ளிங்தான் நல்லது.

ரெண்டாவது ஓட்டத்துக்கு வேற டூல் ஹெட். முதல் ஸ்டேஷன்ல சைஸிங் டைக்கு பதிலா மேண்ட்ரல், கழுத்தோட உள்ளளவை ஒரே மாதிரி ஆக்குறதுக்கு, டம்ப்ளர்ல அடிபட்டு கோணின வாயும் நேராகிரும். இதுக்கு பெருசா பளு வேணாம், அதனால டூல் ஹெட் அமைதியா நிக்கும். ரெண்டுல ப்ரைமரும் பவுடரும் (வெடிமருந்து), மூணுல பவுடர் செக் (மருந்து அளவு சரியான்னு பாக்குறது), நாலுல சீட்டிங் (குண்டை உக்கார வெக்குறது), அஞ்சு எனக்கு காலி. மேகஸின்ல இருந்து ஓடுற தோட்டாவுக்கு லேசா க்ரிம்ப் (கேஸ் வாயைக் குண்டு மேல இறுக்குறது) வெக்கிறவங்க அதை அங்க வெப்பாங்க.

ப்ரைமர் உக்காருறது ஹேண்டிலை மேல தள்ளும்போது. இது முழுக்க கை உணர்வு, அவசரப்படாம தள்ளி கடைசியில ஒரு அழுத்து. கேஸோட அடிமட்டத்துல இருந்து சில தௌ உள்ள இருக்கணும், விரலை ஓட்டிப் பாத்தாலே தெரியும். ஏஆர்ல ஃபயரிங் பின்னுக்கு ஸ்ப்ரிங் கிடையாது, போல்ட் மூடும்போது அது ப்ரைமரை லேசா தட்டும், சுடாத தோட்டாவ வெளிய எடுத்துப் பாத்தா சின்னப் புள்ளி தெரியும். ப்ரைமர் மேல துருத்திக்கிட்டு இருந்துச்சுன்னா ட்ரிகரைத் தொடாமயே வெடிக்க வாய்ப்பு இருக்கு. இந்த ஒரு விஷயத்துல மட்டும் வேகம்ங்குற பேச்சே வேணாம்.

இனி பவுடர், சண்டை எல்லாம் இங்கதான். மெஷின்ல இருக்குற பவுடர் மெஷர் எடை பாக்குறது இல்ல, கொள்ளளவு தான் பாக்குது. கேஸ் வாய் மேல தள்ள, பட்டை சறுக்கி, ஒரு குழி நிறைய மருந்து கீழ விழும். உருண்டை மணியா இருக்குற பால் பவுடர் இதுல தண்ணி மாதிரி இறங்கும், 0.1 கிரெயின் வித்தியாசத்துக்குள்ள நிறுத்திரலாம். ஒரு கிராம்ல 15.4 கிரெயின், அப்போ 0.1ங்குறது எவ்வளவு சின்னதுன்னு பாத்துக்கோங்க. வார்கெட் மாதிரி குச்சிப் பவுடர் போட்டா கதை மாறும். பட்டை சறுக்கும்போது குச்சி ஒண்ணு குறுக்க மாட்டி, 'கிரிச்'னு அது வெட்டுப்படுறது உங்க உள்ளங்கையில தெரியும், ஒரு தடவை கம்மியா விழும், அடுத்த தடவை ஜாஸ்தி. ஆனா ஃபீனிக்ஸ்ல ஜூலையில வெளிய 110 டிகிரி ஃபாரன்ஹீட், துப்பாக்கி சேம்பர் அதுக்கும் மேல, இந்த ஊர்ல வெப்பத்துக்கு அசராத பவுடர் வேணும்னா குச்சிப் பக்கம் போகத் தோணுது. ஹாட்ஜ்டன் பேர்ல விக்குற வார்கெட் தயாராகுறது ஆஸ்திரேலியாவுல, அங்கயும் வெயிலுக்குப் பஞ்சம் இல்ல.

நான் பண்றது இப்படி. 200, 300 கஜத்துக்கு 77 கிரெயின் குண்டு, பால் பவுடர், மெஷர்ல இருந்து நேரா. 600க்கு 80 கிரெயின் குண்டு, அது நீளம் ஜாஸ்தி, மேகஸின்ல அடங்காது, ஒண்ணொண்ணா கையால தான் சேம்பர்ல போடுவோம். அதுக்கு மட்டும் மெஷரைக் கழட்டிட்டு அந்த ஸ்டேஷன்ல புனல் டை, பக்கத்துல எலக்ட்ரானிக் தராசு ஒவ்வொரு சார்ஜையும் எடை போட்டுக் குடுக்கும், நான் புனல்ல கொட்டி ஹேண்டிலை இழுப்பேன். வேகம் தராசு கையில, ஆனா மத்த எல்லா வேலையும் அந்த ஒரே அடியில முடியுது. எத்தனை கிரெயின்னு இங்க எழுத மாட்டேன், கேக்காதீங்க, பவுடர் கம்பெனி வெளியிடுற புத்தகத்துல இருக்கு, அதுல ஆரம்ப அளவுல இருந்து ஏறுங்க.

பால் பவுடர் கேஸ் வாய் வரைக்கும் நிறைஞ்சிருந்தா தட்டு நகர்ற அந்த 'டக்'குல ரெண்டு மணி வெளிய தெறிக்கும். ஷெல் ப்ளேட் நடு போல்ட்டை, தட்டு சுத்தணும் ஆனா ஆடக்கூடாதுங்குற அளவுக்கு இறுக்கி செட் ஸ்க்ரூ போடுங்க, அடியில இருக்குற சின்ன உருண்டையைத் தள்ளுற ஸ்ப்ரிங்கை கொஞ்சம் மென்மையாக்குனா டக் பாதியா குறையும்.

சீட்டிங்கை குண்டு நுனியில இருந்து அளக்காதீங்க, ஹாலோ பாயிண்ட் குண்டோட நுனி பிசிறு பிசிறா தான் இருக்கும். கம்பேரேட்டர் வெச்சு குண்டோட வளைவுல இருந்து கேஸ் அடி வரைக்கும் அளந்தா, மேல சொன்ன ரெண்டு ஓட்ட ஏற்பாட்டுல கூடக் குறைய ஒரு தௌ, அதிகம் போனா ஒண்ணரைக்குள்ள நிக்கும். ஆனா ஒண்ணு, ஓட்டம் ஆரம்பிக்கும்போது தட்டு நிறையுற வரைக்கும் வர்ற தோட்டாவும், கடைசியில கேஸ் தீர்ந்து தட்டு காலியாகும்போது வர்ற தோட்டாவும் மத்ததோட சேராது, பளு வேறங்குறதால. அதை எல்லாம் தனி டப்பாவுல போட்டு 200 கஜ ப்ராக்டிஸுக்கு வெச்சுக்குறேன்.

இவ்வளவு பண்ணியும் சிங்கிள் ஸ்டேஜ்காரன் தோட்டா இதைவிட ஒரு படி மேலயா இருக்குமான்னா, இருக்கலாம். 600 கஜ டார்கெட்ல எக்ஸ் வளையம் 6 அங்குலம், பத்து வளையம் 12 அங்குலம். பவுடர் 0.1 கிரெயின் தவறினா .223ல வேகம் செகண்டுக்கு சுமார் 10 அடி மாறும், 30 அடி மாறினாலும் 600 கஜத்துல ரெண்டு, ரெண்டரை அங்குலம் ஏறி இறங்கும், அவ்வளவுதான். அதே தூரத்துல பக்கவாட்டுக் காத்தை மணிக்கு ஒரே ஒரு மைல் தப்பா கணிச்சா மூணு அங்குலம் போச்சு. ஊருக்கு வடக்க பென் ஏவரி ரேஞ்சுல மத்தியானம் ஆனா காத்து நிமிஷத்துக்கு ஒரு பக்கம் வீசும், அங்க பத்து வளையத்தை விட்டு என் குண்டு வெளிய போறது எல்லாம் இடமும் வலமும் தான், மேலயும் கீழயும் இல்ல. அப்போ பெஞ்சுல மிச்சமாகுற மணி நேரத்தை ரேஞ்சுல காத்து படிக்க செலவழிக்கிறது தான் எனக்கு லாபம். ஆயிரம் கஜத்துல பெஞ்ச்ரெஸ்ட் சுடுறவருக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது, அவர் கேஸ் கழுத்தோட கனத்தையே சீவி எடுக்குறவர், அவர் இந்தப் பதிவை இவ்வளவு தூரம் படிச்சிருக்கவும் மாட்டார்.

பெஞ்சுல சில விஷயம் மட்டும் கறார். ஒரு நேரத்துல ஒரே பவுடர் டப்பா தான் மேல இருக்கணும், வேலை முடிஞ்சதும் மெஷர்ல மிச்சம் இருக்குறது அதே டப்பாவுக்குத் திரும்பிரணும், மெஷர்ல விட்டுட்டுப் போனா அடுத்த வாரம் அது என்ன பவுடர்னு யாருக்கும் தெரியாது. .223ல ரெட்டைச் சார்ஜ் விழுந்தா கேஸ் வழிஞ்சு கொட்டும், அது தெரிஞ்சுரும், தெரியாம போறது பாதிச் சார்ஜ், அதனால பவுடர் செக் பீப் அடிச்சாலும் அடிக்காட்டியும் லைட்டைப் போட்டு ஒவ்வொரு கேஸுக்குள்ளயும் கண்ணால பாத்துட்டுத் தான் குண்டை வெக்கணும். ப்ரைமர் ட்யூப்ல நூறு ப்ரைமர் அடுக்கி நிக்குது, ஒண்ணு வெடிச்சா வரிசையா வெடிக்கும், கண்ணாடி போடாம அந்த மெஷின் கிட்ட போகாதீங்க. நடுவுல ஏதாவது மாட்டிக்கிச்சுன்னா ஹேண்டிலை முரட்டுத்தனமா தள்ளாம நிறுத்தி, தட்டுல இருக்குற எல்லாத்தையும் எடுத்துட்டு புதுசா ஆரம்பிக்கிறது தான் சரி, பாதியில எந்த கேஸ்ல மருந்து விழுந்துச்சுன்னு யோசிச்சுக்கிட்டு நிக்கக்கூடாது. வீட்ல வெக்குற அளவுக்கும் வரம்பு இருக்கு, என்எஃப்பிஏங்குற அமெரிக்கத் தீ பாதுகாப்புச் சங்கத்தோட 495ஆம் விதிப்படி பவுடர் அதோட சொந்த டப்பாவுல 20 பவுண்டு வரைக்கும், ப்ரைமர் 10,000 வரைக்கும். கராஜ்ல வெக்காதீங்க, ஃபீனிக்ஸ் கராஜ் கோடையில அடுப்பு மாதிரி கொதிக்கும், ஏசி ஓடுற ரூம்ல பூட்டு போட்ட அலமாரி, சாவி பசங்க கைக்கு எட்டாத இடத்துல.

அடுத்து அஞ்சாவது ஸ்டேஷனை என்ன பண்றதுன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். சீட்டிங் டையை அங்க தள்ளிட்டு நாலாவதைக் காலியா விட்டா, குண்டை கேஸ் வாயில வெக்குறதுக்கு விரலுக்கு நல்லா இடம் கிடைக்கும். ஆனா பளு இடம் மாறும், தட்டு வேற பக்கம் சாயும், டயலைத் திரும்ப மாட்டி எல்லாத்தையும் முதல்ல இருந்து அளக்கணும். சீஸன் முடியட்டும்.